ஸ்கேன் பண்ணியது டிவிக்கு

எங்கள் ஒரே வாரிசுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம். ஒரு தடவை எழுதினால் நீ நம்பமாட்டாய் என்பதால் மறுபடியும் எழுதுகிறேன், சௌக்கியம். உன் அப்பாவுக்குத் தலையிலிருந்து கால்வரை ஒரு குறையும் இல்லை, தலைக்கு உள்ளே இருப்பதைப் பற்றி மட்டும் நான் உத்தரவாதம் தர முடியாது. நீயும் மருமகளும் நல்லபடியாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்க வேண்டும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். போனில் சொன்னால் 'நீ எதையோ மறைக்கறேம்மா' என்கிறாய், நான் வாயைத் திறப்பதற்குள் அழுகிறாய், மூக்கைச் சிந்துகிறாய், அப்புறம் லைனைத் துண்டித்துவிடுகிறாய். காகிதத்தை அப்படித் துண்டிக்க முடியாது. அதனால் உட்கார்ந்து முதலிலிருந்து எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி, படித்துவிட்டு மருமகளிடமும் கொடு, அந்த வீட்டில் ஒரு விஷயத்தை முழுசாகக் காதில் வாங்கிக்கொள்கிறவள் அவள் ஒருத்திதான்.

விஷயம் இதுதான். உன் அப்பாவுக்கு யாரும் ஸ்கேன் எடுக்கவில்லை. ஸ்கேன் பண்ணியது டிவிக்கு. நம் ஹாலில் சுவரை ஒட்டி நிற்கிறதே, நீ வாங்கிக் கொடுத்த டிவி, அதற்கு. உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது என்று உன் அப்பா சொன்னாரே, அது அவர் நெஞ்சுக்குள் இல்லை, மொட்டை மாடியில் நிற்கும் ஆன்டெனாவிலிருந்து வருகிற ஒயருக்குள். இதைத்தான் விஷயம் புரிந்த பிறகு நானே போன் போட்டுத் தொண்டை கிழியச் சொன்னேன். 'எப்பப் பாத்தாலும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னே சொல்லுவே' என்று நீ என்மேலேயே பாய்ந்தாய். ஒன்றும் இல்லாதபோது ஒன்றும் இல்லை என்றுதானே சொல்ல முடியும், வேறு என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய்.

இதற்கெல்லாம் ஆரம்பம் நீதான், அதை முதலில் ஒத்துக்கொள். போன தடவை வந்தபோது, பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்காமல் திரும்பிப் போனாயே அந்தத் தடவை, கேபிளை நிறுத்தச் சொல்லிவிட்டு டிவியின் முதுகில் இன்டர்நெட்டில் ஓடுகிற ஒரு குச்சியைச் செருகிவிட்டுப் போனாய். 'இனிமே உலகத்துல இருக்கறதெல்லாம் இதுல வரும்' என்றாய். வந்தது, நாங்கள் பார்க்க நினைத்ததைத் தவிர எல்லாம் வந்தது. ரிமோட்டில் எண்களே இல்லை. டிவியைப் போட்டதும் 'யார் பார்ப்பது?' என்று கேட்கும். தினமும் கேட்கும். இந்த வீட்டில் பார்ப்பதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? மூன்று பொம்மை முகம், அப்பா ஒன்று, அம்மா ஒன்று, நீ ஒன்று. உன் முகம் ஓரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். உன் அப்பா கை தவறி அதை அழுத்திவிட்டால் துப்பாக்கியும் ரத்தமுமாக ஏதோ ஓடும், 'இதையெல்லாமா பாக்கறான் இவன்' என்று என்னைத் திரும்பிப் பார்ப்பார், நான் பால் கொடுத்து வளர்த்த லட்சணம் போல. அதையும் பொறுத்துக்கொண்டோம். ஒரு நாள் சாயங்காலம் செய்தி நேரத்தில் அது எங்களிடமே பாஸ்வேர்டு கேட்டது. உன் போனுக்கு ஓர் எண் வருமாம், அதை வாங்கிப் போட வேண்டுமாம். உன் ஊரில் அப்போது நடுராத்திரி, நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உன் அப்பா கறுத்துக் கிடந்த டிவிக்கு முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். நீ எழுந்து, குளித்து, ஆபீசுக்குப் போய், எண்ணைச் சொல்வதற்குள் இங்கே மறுநாள் விடிந்துவிட்டது. 'நான் செய்தி பாக்கணும்னா அவன் தூங்கி எழுந்திரிக்கணுமா' என்றார், குச்சியைப் பிடுங்கிவிட்டார். பிடுங்கியதைத் தூக்கி எறியவில்லை, உன்னுடைய பழைய பென்சில் டப்பாவுக்குள் பத்திரமாகப் போட்டு வைத்திருக்கிறார், கேட்டால் கோபம் வரும்.

இந்த நேரம் பார்த்து உன் மாமா, என் கூடப் பிறந்த ரத்தினம், வந்து சேர்ந்தான். தண்ணீர்க் குழாய்ச் சாமான் விற்கிறவனுக்கு ஆன்டெனாவைப் பற்றி என்ன தெரியும் என்று நீ கேட்பாய். போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறான், அதுதான் தெரியும், அதிலும் பாதியில் கடைக்கு ஆள் வந்துவிட்டதாம். 'எல்லா சேனலும் வானத்துல சும்மா மிதந்துக்கிட்டு இருக்கு அத்தான், நாமதான் பிடிக்காம விட்டுட்டோம்' என்றான். என்னவோ மீன் மாதிரி. இப்போது எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டதாம், மாடியில் ஓர் ஆன்டெனாவை நட்டால் படம் கண்ணாடி மாதிரி வருமாம், யாருக்கும் சந்தா கட்ட வேண்டாமாம், இன்டர்நெட் வேண்டாமாம், பாஸ்வேர்டே கிடையாதாம். அந்தக் கடைசி வார்த்தையில் உன் அப்பா விழுந்துவிட்டார். 'பாஸ்வேர்டே கிடையாதா' என்று மறுபடி கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். இரண்டு பேரும் கடைக்குப் போய் ஒரு நீளமான அட்டைப் பெட்டியோடு திரும்பினார்கள். பிரித்தால் ஒரு தண்டு, அதன் இரண்டு பக்கமும் வரிசையாக அலுமினியக் குச்சிகள். மீன் பிடிக்கப் போனவர்கள் முள்ளை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நான் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை.

ஒளிபரப்புகிற டவர் இருக்கும் திசையைப் பார்த்து ஆன்டெனாவை நிறுத்த வேண்டுமாம், வீடியோவில் அதுவரை பார்த்திருக்கிறான். திசை கண்டுபிடிக்கப் போனிலிருக்கும் திசைகாட்டியை எடுத்துக்கொண்டு மேலே போனான். நின்றது எங்கே தெரியுமா, தண்ணீர்த் தொட்டிக்கு ஏறுகிற இரும்பு ஏணிக்குப் பக்கத்தில். இரும்பைப் பார்த்ததும் திசைகாட்டி முள் கிறுக்குப் பிடித்த மாதிரி சுற்றியது. சரி, கண்ணால் பார்த்துவிடலாம் என்று இரண்டு மேதாவிகளும் நாலா பக்கமும் பார்த்து, சந்தைக் கட்டடத்துக்குப் பின்னால் சிவப்பு விளக்கோடு ஒன்று நிற்கவும் அதற்கு நேராக ஆன்டெனாவை முடுக்கிவிட்டார்கள். துணி எடுக்க மேலே போனவள் பார்த்துவிட்டு, அது போன் டவர் ஆயிற்றே என்றேன். 'டவர்னா டவர்தானே அக்கா' என்றான் என் தம்பி. இவனை நம்பி ஊரில் இத்தனை பேர் வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள்.

அதற்கப்புறம் திருப்புகிற வைபவம். உன் அப்பா மேலே ஆன்டெனா மாட்டிய குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மாமா நடுவில் மாடிப்படியில், நான் கீழே டிவி முன்னால். அவர் திருப்ப வேண்டும், நான் கத்த வேண்டும், மாமா அதை வாங்கி மேலே அனுப்ப வேண்டும். உன் அப்பா ஆயுசு முழுக்க டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தவர், தன் காலுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கிற காரிலேயே உட்கார்ந்து பழகியவர், அடுத்தவர் எது செய்தாலும் தப்பு, தான் மிதித்தால் உலகம் நின்றுவிடும் என்ற நினைப்பு அவருக்கு. 'லெஃப்ட்ல ஒடிக்கட்டா, ரிவர்ஸ் எடுக்கட்டா' என்று மேலேயிருந்து அதிகாரம் வேறு. அந்தக் காலத்து ஆன்டெனாவில் ஒரு நியாயம் இருந்தது, திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக மழை பெய்தாலும் அதற்குள் ஓர் ஆள் தலையாட்டுவது தெரியும், கொஞ்சம் திருப்பினால் கொஞ்சம் தெளியும். இந்த டிஜிட்டலுக்கு அந்த இரக்கமெல்லாம் கிடையாது. வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் கறுப்பு, 'சிக்னல் இல்லை' என்று ஒரு வரி. அந்த விஷயத்தில் அது உன்னை மாதிரியேதான். இன்னொரு கூத்து, ஆன்டெனா சரியான பக்கம் திரும்பிய பிறகும் படம் உடனே வராது, டிவி கொஞ்ச நேரம் யோசிக்கும். அது யோசித்து முடித்து, நான் 'வந்துடுச்சு' என்று கத்தி, மாமா 'வந்துடுச்சாம்' என்று கத்தி, அது மேலே போய்ச் சேருவதற்குள் உன் அப்பா அந்த இடத்தைத் தாண்டித் திருப்பியிருப்பார். உடனே நான் 'போச்சு' என்று கத்த வேண்டும். வந்துடுச்சு, போச்சு, வந்துடுச்சு, போச்சு, ஐயோ எல்லாம் போச்சு என்று பகல் முழுக்கக் கத்தினேன். எதிர் பிளாட்டின் கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது, எனக்கிருந்த எரிச்சலில் அதை நான் கவனிக்கவில்லை.

கடைசியில் ஆன்டெனாவுக்கு இவர்களைப் பார்த்துப் பரிதாபம் வந்ததோ என்னவோ, கை ஓய்ந்துபோய் உன் அப்பா குழாயை விட்டபோது அது தானாகத் திரும்பி எதிர்ப்பக்கமாக நின்றது, படம் வந்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, படம் சுத்தமாகத்தான் இருந்தது, செய்தி வாசிக்கிறவளின் மூக்கு வேர்த்திருப்பதுகூடத் தெரிந்தது. ஆனால் வந்தது கைவிரலுக்குள் அடங்குகிற சேனல்கள். ஒன்றில் செய்தி, ஒன்றில் கூட்டம் போட்டுச் சண்டை போடுகிறார்கள், ஒன்றில் நாள் முழுக்க ஆடுமாடு வளர்ப்பது எப்படி என்று பாடம். உன் அப்பா அதையும் விடுவதில்லை. மாட்டுக்குக் குளம்பில் என்ன வரும், ஆட்டுக்கு நாக்கில் என்ன வரும் என்று இப்போது எனக்கு எல்லாம் தெரியும், வளர்ப்பதற்குத்தான் பிளாட்டில் இடமில்லை. 'யாரையும் கேக்காம வருது பாரு, அதுதான் கெத்து' என்பார். மழைக்காலம் முடிகிறவரைக்கும் அந்தக் கெத்து தாங்கவில்லை. ஒயரை ஒட்டுப் போட்ட இடத்தில் டேப் சுற்றாமல் உன் மாமா ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி விட்டிருந்தான், குழாய்க் கடைக்காரன் கட்டியதில் தண்ணீர் இறங்கிவிட்டது, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. படம் முதலில் கட்டம் கட்டமாக உடைந்தது, அப்புறம் முகம் ஒரு பக்கம் வாய் ஒரு பக்கமாக நின்றது, அப்புறம் போயே போய்விட்டது.

இங்கேதான் ஸ்கேன் வருகிறது, கவனமாகப் படி. டிவியில் மெனு என்று ஒன்றை அழுத்தினால் ஆட்டோ ஸ்கேன் என்று வரும். அதை அழுத்தினால் ஒரு கோடு மெதுவாக நகர்ந்து, வானத்தில் என்னென்ன சேனல் இருக்கிறது என்று டிவி தேடும், தேடி முடித்துக் கிடைத்தவை இத்தனை என்று காட்டும். நம் டிவி தேடி முடித்து ஒன்றும் கிடைக்கவில்லை என்று காட்டும். உன் அப்பா விடுவாரா. காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்கேன், சாப்பிட்ட பிறகு ஒரு ஸ்கேன். மாமா வந்தால் மாடிப்படியில் நின்றுகொண்டே இதுதான் பேச்சு. 'நேத்து ஸ்கேன் பண்ணேன், சரியா வரல' என்பார் இவர், 'ரொம்ப வீக்காயிடுச்சு அத்தான், இப்படியே விட்டா மொத்தமா போயிடும்' என்பான் அவன். இதை எதிர் பிளாட்காரி கேட்டிருக்கிறாள். நான் அவளுக்குத் தலைப்புச் செய்தி என்று பெயர் வைத்திருப்பது உனக்குத்தான் தெரியுமே. ஸ்கேன் என்ற வார்த்தையை இந்தக் கட்டடத்தில் யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், காரணம் நான். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறை வாசலில் பெயர் கூப்பிடுகிற மேசையில் காலம் தள்ளியவள் வீட்டிலிருந்தே அந்த வார்த்தை வந்தால் சும்மா இருப்பார்களா. ஒரு நாள் தலைப்புச் செய்தி பிளாஸ்க் நிறையச் சூடாகப் பாலை எடுத்துக்கொண்டு வந்தாள், என் பக்கத்தில் உட்கார்ந்தாள், கையைப் பிடித்துக்கொண்டு, 'எப்படித்தான் சமாளிக்கறீங்களோ' என்றாள். உன் அப்பாவோடு குடித்தனம் நடத்துவதைச் சொல்கிறாள் என்று நினைத்து, ஊரில் ஒருத்திக்காவது என் கஷ்டம் புரிந்ததே என்று எனக்கும் மனம் இளகிவிட்டது. 'பழகிடுச்சு, இத்தனை வருஷமா பாக்கறேன், இனிமேயா மாறப் போகுது' என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். போனவள் கண், காது, மூக்கு எல்லாம் வைத்து அதைத் தன் பெண்ணுக்குச் சொல்ல, உன்னோடு படித்த அந்தப் பெண் உனக்கு அனுப்ப, நீ அலறியடித்துக்கொண்டு போன் செய்தாய்.

போனை எடுத்தது உன் அப்பா. நான் அடுப்படியில் இருந்தேன், அவர் பேசியது மட்டும் காதில் விழுந்தது, நீ பேசியதை அப்புறம் நீயே மருமகளிடம் சொல்லி அவள் என்னிடம் சொன்னாள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஸ்கேன் பண்ணீங்களாமே, ஏன் என்கிட்ட சொல்லல என்று நீ கேட்டிருக்கிறாய். உன் அப்பா, நீ கடைசியில் அவர் ஆன்டெனாவைப் பற்றி அக்கறையாக விசாரிக்கிறாய் என்று நினைத்து, 'உனக்கு இருக்கற வேலையில இதைப் போய்ச் சொல்வானேன்னுதான்' என்றார். என்ன சொல்றாங்க என்றாயாம். 'மேல எல்லாம் நல்லாத்தான் இருக்கு, உள்ள தண்ணி இறங்கிடுச்சு, ரொம்ப நாளாவே இறங்கியிருக்கும், நாங்கதான் கவனிக்கல' என்றார். கஷ்டமா இருக்காப்பா என்றாயாம். 'கஷ்டம்தான், எதைப் பாத்தாலும் கட்டம் கட்டமா உடைஞ்சு தெரியுது, அப்புறம் ஒரே இருட்டு' என்றார். யார் கூட இருக்கறது என்று கேட்டதற்கு, 'மாமா தினமும் வந்து பாத்துட்டுப் போறான், பூஸ்டர் வெச்சா கொஞ்ச நாள் தள்ளலாம்ங்கறான், உள்ள இருக்கறது கெட்டுப் போனப்புறம் பூஸ்டர் வெச்சு என்ன பிரயோஜனம்' என்றார், சிக்னலைத் தூக்கிக் கொடுக்கிற டப்பாவாம் அது. அம்மா என்ன சொல்றாங்க என்று கேட்டாயாமே, அதற்கு அந்த மகானுபாவர் சொன்ன பதில்தான் உன்னை என்மேல் பாய வைத்தது. 'அவளை விடு, அவளுக்கு ஆரம்பத்துலேர்ந்தே எரிச்சல், தூக்கிக் குப்பையில போட்டுட்டு நிம்மதியா இருக்கணும்ங்கறா' என்றார். இப்போது புரிகிறதா. நான் போனை வாங்கினபோது, 'உனக்கு மனசே இல்லையாம்மா' என்று அழுதாய். ஆன்டெனாவைக் குப்பையில் போடச் சொன்னதற்கு ஒரு பிள்ளை இப்படி அழுவானா என்று நான் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

வருகிறேன் என்று நீ அப்பாவிடம் போனிலேயே சொல்லிவிட்டாய், டிக்கெட் போட்டதும், உன் ஆபீசில் உடனே லீவ் கொடுத்ததும் மருமகள் சொல்லித் தெரியும். போன தடவை நீ கிளம்பிப் போனதிலிருந்து நான் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், சும்மா ஒரு நடை வந்துவிட்டுப் போ என்று. ஒவ்வொரு தடவையும் லீவ் இல்லை என்றாய். ஸ்கேன் என்றதும் லீவ் வந்துவிட்டதே, இத்தனை நாள் அது எங்கே இருந்தது, உன் மாமா சொன்ன சேனல் மாதிரி அதுவும் வானத்தில் சும்மா மிதந்துகொண்டிருந்ததா? நாங்கள்தான் பிடிக்கத் தெரியாமல் விட்டுவிட்டோமா? கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே, கோபம்தான், ஆனாலும் கேட்கிற கேள்வி சரியான கேள்வி.

நான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தில் உன்னைப் போன்ற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். விமானத்திலிருந்து இறங்கி நேராக வருவார்கள், பெட்டிக் கைப்பிடியில் ஒட்டிய சீட்டைக்கூடக் கிழித்திருக்க மாட்டார்கள். வாசலில் இருக்கும் பெஞ்சில் அம்மாவோ அப்பாவோ தலை சீவிக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளை வருகிறான் என்று. வந்தவன் அவர்கள் முகத்தை ஒரு நிமிஷம் பார்ப்பான், உடனே உறையைப் பிரித்து ஸ்கேன் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பான். அவனுக்கு அதில் ஒன்றும் புரியாது. ஆனாலும் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பாருடா என்று கத்த வேண்டும் போல இருக்கும், கத்துகிற வேலை எனக்குக் கொடுக்கப்படவில்லை, பெயர் கூப்பிடுகிற வேலைதான். அதனால்தான் உன்னிடம் உண்மையை எழுதுகிறேன். நினைத்திருந்தால் நான் பேசாமல் இருந்திருக்கலாம், நீ வந்து நின்ற பிறகு சிரித்து மழுப்பியிருக்கலாம். ஆசை இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இல்லாத வியாதியைக் காட்டி உன்னை இழுத்து வந்தேன் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்று. உன் அப்பாவிடம் நான் இன்னும் எதையும் சொல்லவில்லை. நீ எதற்காக வருகிறாய் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் தெரியுமா, ஆன்டெனாவுக்காக. போனை வைத்த கையோடு, 'பையன் வர்றான், ஆன்டெனாவைப் பாக்கறதுக்குன்னே வர்றான்' என்று படியில் ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். தலைப்புச் செய்தியிடமும் சொன்னார், அவள் அதைக் கேட்டு இவருக்கு மனம் பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டி மறுபடியும் பால் கொண்டு வந்தாள். மாமா புது ஒயர் சுருளோடு வந்து நின்றான், அரை நாள் வேலை, மாற்றிவிடுகிறேன் என்றான். உன் அப்பா விடவில்லை. 'அவன் வரட்டும், அவன்கிட்ட காட்டணும், நீ கையை வெக்காதே' என்றார். சுருள் பிரிக்காமல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. ஏணியைச் சாய்த்து வைத்தபடியே வைத்திருக்கிறார், நீ வந்து ஏறுவதற்காம். அன்றிலிருந்து ஒரு ஸ்கேன்கூடப் பண்ணவில்லை, டிவியைப் போடுவதே இல்லை, சாயங்காலமானால் அதற்கு முன்னால் உட்கார்ந்து பழைய பேப்பரை வைத்துக்கொண்டு, நீ வந்தால் எதை எதைக் கேட்க வேண்டும் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். வீடே ஊமையாகக் கிடக்கிறது. அந்தச் செய்தி வாசிக்கிறவளும் ஆடுமாடும் இருந்தால்கூடத் தேவலாம் போல இருக்கிறது எனக்கு.

இத்துடன் நோயாளியின் படம் ஒன்று வைத்திருக்கிறேன், மாமா எடுத்தது. உயரமாக, ஒல்லியாக, கொஞ்சம் சாய்ந்து நிற்பது ஆன்டெனா. அதைப் பிடித்துக்கொண்டு குட்டையாக நிற்பது உன் அப்பா. யாருக்கு வைத்தியம் தேவை என்பதை நீயே பார்த்து முடிவு செய்துகொள்.

மற்றபடி இங்கே எல்லாம் வழக்கம்போல. லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது, மாமாவுக்கு முட்டி வலி, ஏறி இறங்கினதில் வந்தது, நன்றாக வரட்டும். நீ காலையில் ஒன்றும் சாப்பிடாமல் காரில் ஏறுகிறாயாம், மருமகள் சொன்னாள், அதை நிறுத்து. அந்தக் குச்சியிலிருக்கும் உன் பொம்மை முகத்தை மாற்று, அத்தனை பல் உனக்கு இல்லை. உன்னோடு படித்த அந்தப் பெண்ணைத் திட்டாதே, பதறிப்போய்ச் சொன்னாள், பதறுகிறவர்கள் இருப்பதும் நல்லதுதான்.

நீயும் மருமகளும் எந்தக் குறையும் இல்லாமல், நூறாண்டு, யாரும் எந்தப் படத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டியில்லாமல் இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதவர்களைப் பார்ப்பதற்கு லீவ் தருவார்களா என்று உன் ஆபீசில் கேட்டுப் பார். வந்தால், கறுப்பு டேப் நல்லதாக ஒரு சுருள் வாங்கி வர மறக்காதே, இங்கே கிடைப்பது ஒட்டுவதில்லை. வரவில்லை என்றால் அதை உன் அப்பாவிடம் நீயே போன் போட்டுச் சொல். கீழே நின்றுகொண்டு வந்துடுச்சு, போச்சு என்று அவருக்குக் கத்துகிற வேலையை நான் டிவிக்கு மட்டும்தான் செய்வேன், உனக்காகச் செய்ய மாட்டேன்.

இப்படிக்கு,
நோய்நொடி ஒன்றும் இல்லாத
உன் அம்மா